அரிசி ஆலையில் அளவு விலகல்களை ரூபாயில் கணக்கிட்டு விபத்தை முன்கூட்டி அறிதல்: முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களின் புழுங்கல் அரிசி ஆலைகளில் பாய்லர் அழுத்தம், நீர்மட்டம், புகைபோக்கி வெப்பம், ஊறல் நீரின் சூடு, டிரையர் காற்றின் சூடு, அரவைக்குப் போகும் நெல்லின் ஈரப்பதம் ஆகியவற்றை மணிக்கொரு முறை பதிவேட்டில் எழுதுகிறார்கள். அந்த எண்களை எழுதியபின் எவரும் திரும்பப் பார்ப்பதில்லை என்பதுதான் குறை. ஒவ்வோர் எண்ணும் தன் இலக்கிலிருந்து விலகும்போது எவ்வளவு ரூபாய் போகிறது, எவ்வளவு ரூபாய் ஆபத்தில் நிற்கிறது என்று தனித்தனியாகக் கணக்கிட்டு எழுதினால், அதே பதிவேடு விபத்துக்கு முன்னறிவிப்பாக மாறிவிடும். இந்த இரண்டு தொகைகளையும் ஒன்றாகக் கூட்டிவிடாமல் இறுதிவரை தனித்தனியே வைத்திருப்பதுதான் முறையின் உயிர்நாடி. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவதும் அங்கேதான்.

கீழே வரும் விலைகளும் கூலிகளும் கணக்கை விளக்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஆலையின் எண்களை அவற்றின் இடத்தில் இட்டுக்கொள்ளுங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது ஒரு பருவத்தின் பதிவேடுகள் வேண்டும். அவற்றைக் கணக்கிடும் முன், உண்மையான ரீடிங்குகள்தானா என்று பாருங்கள். இரவு ஷிப்டு முழுவதும் அழுத்தம் 7.0 என்றே எழுதப்பட்டிருந்தால், அது ஷிப்டு முடிவில் ஒரே மூச்சில் நிரப்பப்பட்ட பக்கம். உமி எரிக்கும் பாய்லரில் எட்டு மணி நேரம் ஒரே அழுத்தம் நிற்பதில்லை. அத்தகைய பக்கங்களை விலக்கிவிடுங்கள். சேர்த்தால் ஏற்ற இறக்கம் குறைவாகத் தெரிந்து, இழப்பும் குறைவாகவே வரும்.

ஈரப்பத மானியைச் சரிபார்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. நெல்லைப் பொடித்து 130 டிகிரி அடுப்பில் உலர்த்தி எடை குறைவைப் பார்க்கும் முறையோடு மானியின் எண்ணை ஒப்பிட வேண்டும். மானியில் புழுங்கல் நெல்லுக்குத் தனி அமைப்பு இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். டிரையரிலிருந்து இறங்கிய சூடான நெல்லை உடனே மானியில் போடுவது நான் எல்லா ஆலைகளிலும் கண்ட தவறு. நெல் ஆறும்வரை காத்திருந்து அளந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

இவற்றோடு, கடந்த மூன்று ஆண்டுகளின் பழுதுபார்ப்புச் செலவுச் சீட்டுகளும், ஆலை நின்ற நாட்களின் பட்டியலும், நொய், குருணை, தவிடு, உமி ஆகியவற்றை விற்ற விலைகளும் வேண்டும்.

2. முதலில் விபத்தை எழுதுங்கள், பிறகு அளவை எழுதுங்கள்

எந்த மீட்டர் இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குவதே பலருக்கு வழக்கம். அப்படித் தொடங்கினால் மீட்டர் இல்லாத ஆபத்து கணக்கிலேயே வராது. எனவே தாளின் இடப்பக்கத்தில் நடக்கக் கூடியவற்றை எழுதுங்கள்: பாய்லரில் நீர் வற்றிக் குழாய்கள் கருகுதல், டிரையரில் பதரும் தூசியும் தீப்பிடித்தல், நெல்லை மேலே தூக்கிச் செல்லும் எலிவேட்டரின் பேரிங் சூடாகி உமிக் கிடங்குக்குத் தீ பரவுதல், உலைக்கதவு வழியே தீச்சுவாலை பின்வாங்கி, உலையைக் கவனிக்கும் ஃபயர்மேன் மேல் பாய்தல், கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர் மூச்சடைத்து விழுதல்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் நேரே, அது நடக்குமுன் எந்த அளவு முதலில் அசையும் என்று எழுதுங்கள். தீச்சுவாலை பின்வாங்குவதற்கு முன் அசைவது உலையின் உள்ளிழுப்பு. மின்தடையிலோ குறைந்த மின்னழுத்தத்திலோ புகையை இழுக்கும் விசிறி நின்றால் உலைக்குள் அழுத்தம் கூடி, சுவாலை கதவுப் பக்கம் திரும்பும். இந்த அளவுக்குப் பெரும்பாலான சிறு ஆலைகளில் மானியே இல்லை. அப்படி ஒரு வரி வெறுமையாக நின்றால் அதை அழித்துவிடாதீர்கள். அங்கே மானி வைப்பதுதான் உங்கள் முதல் செலவு. கழிவுநீர்த் தொட்டிக்கு ரூபாய்க் கணக்கு எதுவும் வேண்டாம். உள்ளே இருக்கும் காற்றைச் சோதிக்காமல் எவரும் இறங்கக் கூடாது என்ற விதி மட்டும் போதும்.

3. இலக்கு, இயல்பான அசைவு, எல்லை ஆகிய மூன்றையும் பிரித்தல்

ஒவ்வோர் அளவுக்கும் மூன்று எண்கள் வேண்டும். இலக்கு என்பது இழப்பே இல்லாத இடம். எல்லை என்பது அதைத் தாண்டினால் முழு இழப்பும் நேரும் இடம். இவற்றுக்கு நடுவே, இயந்திரம் தன் இயல்பிலேயே ஏறி இறங்கும் பகுதி ஒன்று உண்டு.

பாய்லர் நீர்மட்டத்தை எடுத்துக்கொள்வோம். பம்பு ஓடும்போது மட்டம் ஏறும், நின்றபின் இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை விலகலாக எண்ணினால் நாள் முழுவதும் எச்சரிக்கை ஒலித்து, மூன்றாம் நாள் எவரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். எனவே பம்பு மீண்டும் ஓடத் தொடங்க வேண்டிய மட்டத்தையே தொடக்கக் கோடாக வைத்து, அதற்குக் கீழே இறங்குவதை மட்டும் விலகலாக எண்ண வேண்டும்.

விலகலின் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். நெல் 14 சதவீதத்துக்கு மேல் ஈரமாக இருந்தால் பூஞ்சணமும் தரமறுப்பும் வரும். அதற்குக் கீழே காய்ந்தால் எடையும் போகும், அரிசியும் உடையும். இரண்டு பக்கத்து இழப்பும் ஒன்றல்ல என்பதால் தனித்தனித் தாள்களில் கணக்கிட வேண்டும்.

4. போன பணம்: டிரையர் ஈரப்பதத்தை வைத்து ஒரு முழுக் கணக்கு

ஊறி, அவிந்து வரும் நெல்லில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர் இருக்கும். அதை 18 சதவீதம் வரை வேகமாகவும், சில மணி நேரம் ஆறவிட்டபின் 14 சதவீதம் வரை மெதுவாகவும் இறக்குவதே சரியான முறை. ஆறவிடும் நேரத்தை மிச்சம் பிடிக்க, சூட்டைக் கூட்டி ஒரே ஓட்டத்தில் காயவைப்பதால்தான் மிகைக் காய்ச்சல் ஏற்படுகிறது.

முதலில் எடை. 14 சதவீத ஈரமுள்ள 100 கிலோவில் 86 கிலோ உலர்பொருள் இருக்கிறது. அதே உலர்பொருள் 12 சதவீத ஈரத்தில் 86-ஐ 0.88-ஆல் வகுத்தால் வரும் 97.73 கிலோ எடைதான் நிற்கும், 2.27 கிலோ காற்றோடு போய்விட்டது. ஒரு டன் நெல்லுக்கு 680 கிலோ புழுங்கல் அரிசி என்ற 68 சதவீத அரவைக் கணக்கில், இது ஏறத்தாழ 15.5 கிலோ அரிசி. கிலோ 40 ரூபாய் என்றால் டன்னுக்கு 618 ரூபாய்.

அடுத்தது உடைசல். அதே 2 புள்ளி மிகைக் காய்ச்சலுக்கு நொய் கூடுவதால் டன்னுக்கு 300 ரூபாய் போகிறது என்று உங்கள் ஆலைப் பதிவு காட்டுவதாகக் கொள்வோம்.

இங்கே ஜப்பானியப் பொறியாளர் டகுச்சியின் இழப்புச் சார்பு உதவும். இழப்பு என்பது விலகலின் வர்க்கத்தை ஒரு கெழுவால் பெருக்கியது. கெழு என்பது தெரிந்த ஓர் இழப்பை அந்த விலகலின் வர்க்கத்தால் வகுத்தது. 300-ஐ 4-ஆல் வகுத்தால் கெழு 75. பல நாட்களின் சராசரி இழப்பு வேண்டுமானால், சராசரி இலக்கிலிருந்து தள்ளி நிற்கும் தொலைவின் வர்க்கத்தையும், அளவுகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் திட்ட விலக்கத்தின் வர்க்கத்தையும் கூட்டிக் கெழுவால் பெருக்க வேண்டும்.

எடை இழப்புக்கும் இந்த வர்க்கச் சூத்திரத்தைப் போடுவது அடிக்கடி நேரும் பிழை. எடை ஏறத்தாழ நேர்கோட்டில் குறைகிறது. உடைசல்தான் வளைகோட்டில் கூடுகிறது. இரண்டையும் ஒரே சூத்திரத்தில் அடக்கினால், தினமும் நேரும் சிறு விலகல்களின் இழப்பு குறைத்து மதிப்பிடப்படும். எடையை நேரடியாகவும், உடைசலை வர்க்கச் சார்பாலும் கணக்கிட்டுப் பிறகு கூட்டுங்கள்.

ஓர் ஆலையில் சராசரி 13.1, திட்ட விலக்கம் 0.4 என்று வைத்துக்கொள்வோம். எடை இழப்பு டன்னுக்கு 7 கிலோ அரிசி, அதாவது 282 ரூபாய். உடைசல் இழப்பு 75 பெருக்கல் 0.97, அதாவது 73 ரூபாய். மொத்தம் 355 ரூபாய். நாளுக்கு 40 டன் அரைக்கும் ஆலைக்கு 14,200 ரூபாய்.

சராசரியை நேராக 14-க்கு ஏற்றிவிடலாமே என்று முதலாளி கேட்பார். ஏற்றினால் பாதி நெல் 14-க்கு மேல் போய்விடும். ஏற்ற இறக்கம் 0.4 ஆக இருக்கும் வரை, ஈர நெல்லுக்கு அஞ்சி 13.1-இல்தான் நிற்க வேண்டியிருக்கிறது. ஆறவிடும் நேரத்தைக் கடைப்பிடித்தும், மாதிரியை ஒரே இடத்தில் எடுக்காமல் மேல், நடு, அடி என மூன்று இடங்களில் எடுத்தும் அந்த ஏற்ற இறக்கத்தை 0.2 ஆக்கினால், ஏறத்தாழ அதே அளவு பாதுகாப்போடு சராசரியை 13.6-க்கு ஏற்றலாம். அப்போது இழப்பு எடையில் 126, உடைசலில் 15, ஆக 141 ரூபாய். நாளொன்றுக்கு 8,560 ரூபாய் மிச்சமாகிறது.

பாதுகாப்புக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நெல் மிகையாகக் காய்கிறது என்றால் காற்று மிகையாகச் சூடாக இருக்கிறது, அல்லது நெல் டிரையருக்குள் மிகையான நேரம் நிற்கிறது. அதே சூட்டில்தான் டிரையரின் மூலைகளிலும் காற்றுக்குழாயிலும் தங்கிய பதரும் தூசியும் காய்ந்து, ஒரு பொறிக்குக் காத்திருக்கின்றன. இறுதி ஈரப்பதம் குறையும் நாட்களே டிரையர் தீக்கு அருகில் இருக்கும் நாட்கள்.

5. ஆபத்தில் நிற்கும் பணம்: பாய்லர் நீர்மட்டம்

இந்தத் தொகை இன்னும் கையை விட்டுப் போகாத பணம். விலகல் திருத்தப்படாமல் நீடித்தால் போகக் கூடியது. இதைப் போன பணத்தோடு கூட்டி மாத நட்டமாகக் காட்டினால், ‘பணம் அப்படியேதான் இருக்கிறது, உன் கணக்கு பொய்’ என்று முதலாளி சொல்வார். அன்றோடு அந்த ஏடு மூடப்படும். ஓர் ஆலையில் நானே அந்தத் தவற்றைச் செய்து, மீண்டும் நம்பிக்கை பெற ஒரு சம்பா அரவை முழுவதும் ஆயிற்று.

முதலில் உச்ச இழப்பைக் கணக்கிடுங்கள். குழாய்கள் மாற்ற 6 லட்சம். ஆலை 12 நாள் நிற்பதற்கு நாள் 60,000 வீதம் 7.2 லட்சம். பலர் மறந்துவிடும் மூன்றாவது இனம், தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும் நெல். நீராவி நின்றுவிட்டால் ஊறிய நெல் காத்திருக்காது. புளித்து நாற்றம் ஏறி, நிறமும் கெடும். 24 டன்னுக்குக் கிலோ 8 ரூபாய் வீதம் குறைந்தால் 1.92 லட்சம். ஆக மொத்தம் 15.12 லட்சம்.

இங்கே வர்க்கச் சார்பு பொருந்தாது. அது எல்லையைத் தாண்டியும் முடிவின்றி ஏறிக்கொண்டே போகும். உண்மையில் ஆலையின் இழப்பு ஓர் உச்சத்தில் நின்றுவிடும். எல்லைக்கு முன்போ அது ஆபத்தைக் குறைத்துக் காட்டும். இதற்காகப் புள்ளியியலாளர் ஸ்பைரிங் 1993-இல் முன்வைத்த தலைகீழ் மணிவளைவுச் சார்பைப் பயன்படுத்துகிறோம். விலகலின் வர்க்கத்தை, வடிவ அளவின் வர்க்கத்தின் இருமடங்கால் வகுங்கள். அதற்குக் கழித்தல் குறி இட்டு, எக்செல்லில் எக்ஸ்ப் (EXP) என்ற பெயரில் இருக்கும் சார்புக்குள் கொடுங்கள். வரும் எண்ணை 1-லிருந்து கழித்து, உச்ச இழப்பால் பெருக்குங்கள். வடிவ அளவு என்பது எல்லைத் தொலைவில் நான்கில் ஒரு பங்கு.

பம்பு ஓடத் தொடங்கும் மட்டத்திலிருந்து நீர்மட்டக் கண்ணாடியின் அடிவரை 80 மில்லிமீட்டர் என்றால் வடிவ அளவு 20. மட்டம் 10 மில்லிமீட்டர் இறங்கினால் உச்ச இழப்பில் 11.8 சதவீதம், அதாவது 1.78 லட்சம் ஆபத்தில் நிற்கிறது. 20 இறங்கினால் 39.3 சதவீதம், 5.95 லட்சம். 40 இறங்கினால் 86.5 சதவீதம், 13 லட்சத்துக்கு மேல். வர்க்கச் சார்பு அதே 20 மில்லிமீட்டருக்கு 94,500 ரூபாய் மட்டுமே காட்டியிருக்கும். இந்தச் சதவீதங்கள் விபத்தின் நிகழ்தகவு அல்ல. பாதி வழியிலேயே நடவடிக்கை எடுக்க வைக்கும்படி நாம் தேர்ந்துகொண்ட வளைவின் எடை என்று மட்டுமே அவற்றைக் கொள்ள வேண்டும்.

மனித உயிரை உச்ச இழப்புக்குள் சேர்க்காதீர்கள். சட்டப்படி கொடுக்க வேண்டிய இழப்பீட்டுத் தொகையை உயிரின் விலையாக வைத்துக் கணக்கிட்ட தாள்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வைத்தால், என்றாவது ஒருநாள் அரவை லாபம் அந்தத் தொகையை விடப் பெரிதாகத் தெரியும். ஆள் காயப்படக் கூடிய விலகல்களுக்கு ஏழாம் படியில் வரும் நிறுத்தக் கோடு மட்டுமே பொருந்தும்.

6. ஒரே காரணத்தை இருமுறை எண்ணாதீர்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் உமி நனைந்தால் பாய்லர் அழுத்தம் இறங்கும். அழுத்தம் இறங்கினால் ஊறல் நீரின் சூடு இறங்கும், அவியல் நேரம் நீளும், அரிசியின் நடுவே வெள்ளை நிற்கும். இந்த நான்குக்கும் தனித்தனியாக ரூபாய் எழுதினால் ஒரே இழப்பை நான்கு முறை எழுதியதாகும். தர இழப்பை அரிசியில் ஒரே ஒருமுறை எழுதிவிட்டு, மற்ற மூன்றையும் காரணப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கத்தில், உமி சொந்த ஆலையிலேயே கிடைப்பதால் அதற்கு விலையில்லை என்று விட்டுவிடுவதும் பிழை. எரிக்காமல் மிஞ்சிய உமியை விற்க முடியும். அந்த விலைதான் உமியின் விலை.

7. எச்சரிக்கைப் படிகளை நிர்ணயித்தல்

மூன்று படிகள் போதும்: கவனி, திருத்து, நிறுத்து. முதல் இரண்டையும் ரூபாய் தீர்மானிக்கலாம். மூன்றாவதை அளவு மட்டுமே தீர்மானிக்க வேண்டும்.

புகைபோக்கி வெப்பம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது 22 டிகிரி கூடினால் பாய்லர் திறன் ஏறத்தாழ 1 சதவீதம் குறையும் என்பது எரிசக்தித் தணிக்கையில் பயன்படும் வழக்கமான கணக்கு. சுத்தமான பாய்லரில் 200 டிகிரியாக இருந்தது 244 ஆனால் 2 சதவீதம். நாளுக்கு 12 டன் உமி எரிந்தால் 240 கிலோ வீண். கிலோ 4 ரூபாய் என்றால் 960 ரூபாய். குழாய்களைத் துலக்க 18,000 ரூபாய் ஆகுமென்றால், போன பணத்தை மட்டும் பார்ப்பவர் 19 நாள் காத்திருக்கலாம் என்பார். காத்திருக்கக் கூடாது. வெப்பம் ஏறியதற்குக் காரணம் புகைப்பக்கத்துக் கரியாகவும் இருக்கலாம், நீர்ப்பக்கத்து உப்புப் படிவாகவும் இருக்கலாம். துலக்கிய பிறகும் வெப்பம் இறங்காவிட்டால் படிவே காரணம் என்று சந்தேகிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் படிவே எரிபொருளை 5 முதல் 8 சதவீதம் வரை கூடுதலாகத் தின்னும். அதைவிடக் கொடியது, நீர் படாத உலோகம் சூடேறி மென்மையாவது. கடலை ஒட்டிய பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருப்பதால், நீர் மென்மையாக்கியை உரிய நாளில் உப்புக்கரைசலால் புதுப்பிக்கத் தவறிய ஆலைகளில் இந்த ஆபத்து விரைவாக வருகிறது. 960 ரூபாய் என்ற சிறிய எண்ணுக்குப் பின்னால் 15 லட்சம் நிற்பதை ஏட்டில் ஆபத்துத் தொகைக்கான பத்தி (நெடுவரிசை) காட்டும். அதனால்தான் இரண்டு தொகைகளுக்கும் தனித்தனிப் பத்திகள் வேண்டும்.

நிறுத்தக் கோட்டைப் பெரிய எழுத்தில் பாய்லர் அருகே எழுதி ஒட்டுங்கள். நீர்மட்டக் கண்ணாடியில் நீர் தெரியவில்லை என்றால் உமி விடுவதை உடனே நிறுத்த வேண்டும். அப்போது பம்பைப் போட்டுக் குளிர்ந்த நீரை ஏற்றக் கூடாது. பழுக்கக் காய்ந்த குழாயில் நீர் பட்டால் பாய்லரே வெடிக்கலாம். பதற்றத்தில் கை முதலில் போவது பம்பு சுவிட்சை நோக்கித்தான் என்பதால், இதை வாயால் சொன்னால் போதாது, பழக்க வேண்டும். தொட்டியில் எத்தனை டன் நெல் ஊறுகிறது என்ற கேள்வி அந்த நேரத்தில் எழவே கூடாது. நிறுத்தும் அதிகாரம் எவரையும் கேட்காமல் பாய்லர் ஆபரேட்டருக்கே இருக்க வேண்டும் என்பதை முதலாளியின் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள்.

8. தினசரி ஏட்டை நடத்துதல்

ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு வரி. அதில் போன பணம், ஆபத்தில் நின்ற உச்சத் தொகை, காரணம் என்ற மூன்று பத்திகள். ஆபத்துத் தொகைக்குச் சராசரி எடுக்காதீர்கள். எட்டு மணி நேரத்தில் பத்து நிமிடம் மட்டம் 40 மில்லிமீட்டர் இறங்கியது என்பதைச் சராசரி விழுங்கிவிடும். அந்த ஷிப்டில் தொட்ட உச்சத்தையே எழுத வேண்டும்.

போன பணத்துக்கு மட்டும், நேற்றைய மதிப்பில் ஐந்தில் நான்கு பங்கும் இன்றைய தொகையில் ஐந்தில் ஒரு பங்கும் கூட்டி ஓடும் சராசரியாக வரையலாம். மெதுவாக ஏறும் இழப்பு அதில்தான் கண்ணுக்குத் தெரியும்.

இழப்பு எழுதப்பட்ட ஷிப்டின் கூலியில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. ஒருமுறை பிடித்தால், மறுநாளிலிருந்து பதிவேட்டில் எல்லா எண்களும் இலக்கிலேயே நிற்கும்.

9. பருவம் மாறும்போது மறுகணக்கு

குறுவை நெல் அறுவடையாகி வருவது மழை தொடங்கும் காலம். நேரடிக் கொள்முதல் நிலையங்களின் வழக்கமான 17 சதவீத ஈர வரம்பு தளர்த்தப்படும் ஆண்டுகளில், ஆலைக்குள் நுழையும்போதே நெல் ஈரமாக இருக்கும். தை, மாசியில் வரும் சம்பா நெல் வேறு ரகம், வேறு காய்ச்சல். ஆகவே உடைசலின் கெழுவை ஒவ்வொரு பருவத்தின் முதல் பத்து நாள் அரவையிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும். பாய்லரின் உச்ச இழப்பை ஆண்டுக்கு ஒருமுறை, அரசு ஆய்வுக்காகப் பாய்லரைத் திறக்கும்போது, குழாய்களின் நிலையை நேரில் பார்த்தபின் திருத்துங்கள். திறந்த பாய்லருக்குள் படிவின் தடிப்பை அளந்து, அதே பக்கத்தில் அந்த ஆண்டின் புகைபோக்கி வெப்ப வரைபடத்தையும் ஒட்டி வைத்தால், வரும் ஆண்டில் எத்தனை டிகிரி ஏற்றத்துக்கு எவ்வளவு படிவு என்று உங்கள் பாய்லரே சொல்லிவிடும்.